டாஷ்போர்டை விடுங்கள், வரவுக் கொப்பியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வருட முடிவு நெருங்க நெருங்க கொழும்பிலுள்ள சின்னச் சின்ன சமூக அமைப்புகளுக்கு ஒரு புது அவசரம் வந்துவிடுகிறது. மாலை வகுப்பு நடத்துகிறவர்கள், தாய்மாருக்குப் போசாக்குத் திட்டம் செய்கிறவர்கள், பெண்களின் சேமிப்புக் குழுக்கள், முதியோருக்குப் பகல்நேர நிலையம் வைத்திருப்பவர்கள், எல்லாரிடமும் நிதி கொடுப்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: “உங்கள் டேட்டா எங்கே, டாஷ்போர்ட் எங்கே?” டாஷ்போர்ட் என்றால், சேர்த்த தரவை ஒரே திரையில் வட்டமும் வரைபடமுமாகக் காட்டும் பக்கம். உடனே அதற்கான மென்பொருளுக்கு நாலு கம்பனியிடம் விலை கேட்கிறார்கள், அதில் ஒன்று ஏசி அறையில் புரொஜெக்டரைப் போட்டுப் பச்சை, மஞ்சள், சிவப்பு வட்டங்களைச் சுழற்றிக் காட்டுகிறது, கமிட்டி தலையாட்டுகிறது, காசோலை போகிறது. சில மாதம் கழித்து அந்தப் பக்கம் போனால் மண்டப வாசலில் நிற்கும் அக்கா பழையபடி கொப்பியில்தான் வந்தவர்களின் வரவு போட்டுக்கொண்டிருப்பார். மாதக் கடைசியில் அலுவலகத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்து அந்தக் கொப்பியைப் பார்த்துக் கணனியில் தட்டிக்கொண்டிருக்கும்.

வட கொழும்பில், மட்டக்குளி முகத்துவாரம் கொட்டாஞ்சேனைப் பக்கமாக, இந்த மாதிரி வேலைகளில் கொஞ்சக் காலமாக இருக்கிறேன். மென்பொருள் வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. அதை யார் தெரிவு செய்கிறார்கள், எதைப் பார்த்துத் தெரிவு செய்கிறார்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை. வாடகைக்கு வீடு பார்க்கப் போய், குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்க்காமல் சுவர்ப் பெயின்டைப் பார்த்து அட்வான்ஸ் கொடுப்பது மாதிரி, தரவு உள்ளே போகும் வழியைப் பார்க்காமல் அது வெளியே வரும் அழகைப் பார்த்துக் கையெழுத்து வைக்கிறோம்.

முதலில், என்ன தெரிய வேண்டும் என்பது. ஒரு மாலை வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 30 பிள்ளைகள் 40 நாள் வந்தால் வரவு 1,200. இதை அப்படியே “1,200 பயனாளிகள்” என்று எழுதும் ரிப்போர்ட்டுகள் இந்த நகரத்தில் நிறைய உண்டு, எழுதுகிறவர்களிடம் கள்ளம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, அவர்கள் பாவிக்கும் போர்ம் (படிவம்) ஆட்களை எண்ணாமல் வரவுகளை எண்ணுகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த வகுப்பை நடத்துகிற ரீச்சருக்குத் தெரிய வேண்டியது வேறு. எந்தப் பிள்ளை வராமல் நின்றுவிட்டது, எந்த வாரத்தில் நின்றது, முதலாம் தவணையில் எழுத்துக் கூட்டி வாசித்த பிள்ளை மூன்றாம் தவணையில் ஒரு பந்தியைத் தட்டாமல் வாசிக்கிறதா. இதற்குப் பதில் வேண்டுமென்றால் ஒரே பிள்ளையை மாதக்கணக்கில் ஒரே ஆளாகத் தொடரக்கூடிய கருவி வேண்டும்.

இங்கேதான் மென்பொருள்கள் இரண்டு வகையாகப் பிரிகின்றன, விற்க வருகிறவர்கள் இதை அழுத்திச் சொல்வதில்லை. ஒரு வகை கணக்கெடுப்புக் கருவி. கூகுள் போர்ம்ஸ், கோபோ டூல்பொக்ஸ், ஓடிகே எல்லாம் அடிப்படையில் இப்படித்தான்: ஒரு தடவை நிரப்பினால் ஒரு வரி, மறுபடி நிரப்பினால் இன்னொரு வரி, இரண்டும் ஒரே ஆள் என்பது தானாகத் தெரியாது. மற்ற வகை, ஆளைப் பதிந்து அந்த ஆளின் மேலேயே ஒவ்வொரு சந்திப்பையும் சேர்த்துக்கொண்டு போவது. கொம்கெயார், டிஎச்ஐஎஸ்2 இன் டிராக்கர் பகுதி எல்லாம் இந்த இனம். கோபோவிலும் ஓடிகேயிலும் இப்போது பழைய பதிவை இழுத்து வரும் வசதிகள் வந்துவிட்டன, ஆனால் அதை அமைக்க விஷயம் தெரிந்த ஓர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பதுதான் வேலை என்றால் முதல் வகை தாராளம், காசு கொடுத்து இரண்டாம் வகையை வாங்குவது வீண். பிள்ளையின் நிறையை மாதாமாதம் பார்க்க வேண்டும் என்றால் முதல் வகையை வைத்துக்கொண்டு எக்ஸலில் மல்லுக்கட்டுவது தலையிடி. (அந்த நிறையையும் மிட்வைப் மிஸ் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவுப் புத்தகத்தில் ஏற்கெனவே எழுதியிருப்பார், திரும்பவும் தராசைத் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை. இதையும் ஒருவரும் யோசிப்பதில்லை.)

இலவசம் என்ற சொல்லுக்கும் மயங்க வேண்டாம். ஓடிகே 2008 இல் அமெரிக்காவின் வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, அதன் மேல் ஹார்வர்டின் மனிதாபிமானப் பிரிவில் இருந்தவர்கள் கட்டியதுதான் கோபோ. போர்மை எக்ஸல் தாளிலேயே எழுதலாம், போனில் இன்டர்நெட் இல்லாமல் நிரப்பலாம், பிறகு அனுப்பலாம். சின்ன அமைப்புக்கு இது பெரிய வரம், நான் கேட்டவர்களுக்கெல்லாம் இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். டிஎச்ஐஎஸ்2 ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் வழியாக வளர்ந்தது, 70 க்கும் மேற்பட்ட நாடுகளின் சுகாதார அமைச்சுகள் பாவிக்கின்றன, 2020 ஜனவரியில் கொவிட் செய்தி வந்தவுடனேயே விமான நிலையத்தில் வந்து இறங்குகிறவர்களைக் கண்காணிக்க அதை வைத்து ஒரு முறையைக் கட்டியவர்கள் நம் இலங்கை ஆட்கள், பிற நாடுகள் அதைப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டன. பெருமையான விஷயம். அதற்காக ஜிந்துப்பிட்டியில் இரண்டு அறையில் நடக்கும் ஓர் அமைப்பு அதைச் சொந்தமாக சேர்வர் போட்டு ஓட்டப் போகிறேன் என்றால் நான் கையைப் பிடித்து நிறுத்துவேன். மென்பொருளுக்குக் காசு இல்லை, சரி. சேர்வருக்குக் காசு, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளும் ஆளுக்குச் சம்பளம், புதுத் தொண்டர் வரும்போதெல்லாம் பயிற்சி, இதெல்லாம் யார் தலையில்?

காசு கொடுத்து வாங்குகிறவர்கள் டொலரையும் நினைத்துக்கொள்ளுங்கள். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டபோது 200 அளவில் நின்ற டொலர் சில மாதத்தில் 350 ஐத் தாண்டியது நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். வருடச் சந்தா டொலரில் எழுதியிருந்தவர்களுக்கு அந்த வருடம் என்ன நடந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்னொன்று, பல கம்பனிகள் பாவனையாளர் தலைக்கு இவ்வளவு என்று அறவிடுகின்றன. நம் தொண்டர்கள் பாதிப் பேர் உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டு வேலை கிடைக்கும்வரை வருகிறவர்கள், மாறிக்கொண்டே இருப்பார்கள். அதனால் நாலு பேருக்கு ஒரு பாஸ்வேர்ட் என்று ஆகிவிடும், அப்புறம் யார் எதை மாற்றினார்கள் என்று ஒருவருக்கும் சொல்ல முடியாது.

சரி, டெமோவுக்கு, அதாவது மென்பொருளைச் செய்து காட்ட, கம்பனி ஆள் வருகிறார் என்று வையுங்கள். அவர் கொண்டுவரும் மாதிரித் தரவைப் பார்க்காதீர்கள். அதில் எல்லாரும் ஆங்கிலத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று ஒழுங்காக இருப்பார்கள். உங்கள் சொந்தப் பட்டியலைக் கொடுத்து ஏற்றச் சொல்லுங்கள், அப்போது தெரியும் கூத்து. நம்மிடம் இருக்கும் பழைய பட்டியல்களில் பாதி பாமினி எழுத்துருவில் அடித்தவை. கணனியில் பாமினி இருந்தால் தமிழாகத் தெரியும், இன்றைய பொது எழுத்து முறையான யூனிகோட் மட்டுமே தெரிந்த எந்த மென்பொருளுக்குள் போட்டாலும் கன்னாபின்னாவென்று ஆங்கில எழுத்தும் குறிகளும்தான். மாற்றுவதற்கு இலவசக் கருவிகள் இருக்கின்றன, பெரிய வேலையில்லை, ஆனால் அது முதல் நாளே செய்ய வேண்டிய வேலை.

யூனிகோட் ஆனபிறகும் முடிந்ததென்று நினைக்க வேண்டாம். ஸ்ரீகாந்தன், ஸ்ரீதேவி என்று நம்மில் எத்தனை பேர்! அந்த ஸ்ரீயை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும், ஒன்று ‘ஸ’வை வைத்து, மற்றது ‘ஶ’வை வைத்து. திரையில் பெரும்பாலும் ஒரே மாதிரித் தெரியும், கணனிக்கு அவை வேறு வேறு, ஒரு போனில் அடித்த பெயரை மற்ற போனில் தேடினால் “இல்லை” என்று வரும். கௌசல்யாவும் அப்படித்தான், ஒருவர் ஔகாரக் குறி போடுவார், இன்னொருவர் ஒற்றைக் கொம்பும் ‘ள’வும் சேர்த்து அடிப்பார், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே டெமோவில் இந்தப் பெயர்களை நீங்களே அடித்துத் தேடிப் பாருங்கள், பிறகு பீடிஎப் ரிப்போர்ட் ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்தால், அல்லது எழுத்துக்குப் பதில் பெட்டி பெட்டியாக வந்தால், விலை பேசத் தேவையில்லை. போர்மில் கேள்விகள் தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறி வர வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். நமது தொண்டர்களில் சிங்களம் மட்டும் வாசிக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், தமிழ் பேசினாலும் சிங்களத்தில் படித்த தாய்மாரும் இருக்கிறார்கள். கோபோவில் எக்ஸல் தாளில் மொழிக்கு ஒரு நிரல் போட்டாலே இது வந்துவிடும், அதனால் “இது விசேஷ வேலை, தனிக் கட்டணம்” என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

அடுத்தது ஆளை ஆளாக அடையாளம் காண்பது. “அடையாள அட்டை இலக்கத்தை வைத்துக்கொள்ளலாமே” என்று எல்லாரும் சொல்வார்கள். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், 2016 இலிருந்து வரும் புதிய இலக்கத்தில் 12. ஒரே அம்மா போன வருடம் பழைய இலக்கத்தையும் அட்டை தொலைந்து புதுசு எடுத்தபின் புதிய இலக்கத்தையும் கொடுத்தால் கணனியில் இரண்டு அம்மா. பழையதைப் புதியதாக்க ஒழுங்கான விதி இருக்கிறது, முன்னால் 19 சேர்த்து, நாளைக் குறிக்கும் மூன்று இலக்கத்துக்குப் பின் ஒரு பூச்சியம் போட்டு, கடைசி எழுத்தை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். அதை மென்பொருள் தானே செய்யுமா என்று கேளுங்கள். கொழும்பில் விற்க வருகிறவர்களே இதைக் கேட்டு முழிப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. அந்த இலக்கத்துக்குள்ளேயே பிறந்த வருடம், நாள், ஆணா பெண்ணா என்பதெல்லாம் இருக்கிறது, பெண்களுக்கு நாளோடு 500 கூட்டியிருக்கும். வரவுத் தாளில் அதை எழுதி மண்டப வாசலில் வைத்தால் வருகிறவர் போகிறவர் எல்லாரும் வாசிக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு அட்டையே கிடையாது. போன் இலக்கத்தை நம்பலாமா என்றால், ஒரு போன் வீடு முழுக்க ஓடும், அடுத்த மாதம் சிம் மாறியிருக்கும். அமைப்பே ஒரு சின்ன இலக்கம் கொடுத்து அட்டையில் எழுதிக் கொடுப்பதுதான் இத்தனைக்கும் பிறகு எனக்குச் சரியென்று படுகிறது. அட்டையைத் தொலைப்பார்கள், பரவாயில்லை, பெயரில் பாதியும் தாயின் பெயரும் கொடுத்தால் தேடி எடுக்கக்கூடிய மென்பொருளாக இருந்தால் போதும்.

முகவரி என்று ஒரு கட்டம் இருக்கும். கொழும்பில் தோட்டங்கள் எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளில் ஒரே இலக்கத்துக்குப் பின்னால் கோடு போட்டு, அதற்குப் பின்னால் இன்னொரு கோடு போட்டு வீடுகள் போகும், தபால்காரருக்கு மட்டும்தான் ஒழுங்கு தெரியும். அதற்குத் தீர்வு ஜீபீஎஸ் என்பார்கள். கிராமத்துக்கு நல்லது. அடுக்குமாடிக்கு என்ன செய்வது? தோட்டங்களிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் தெமட்டகொடையிலும் ஹேனமுல்லையிலும் தொடர்மாடிகளில் குடியிருக்கின்றன, பன்னிரண்டு மாடிக்கும் வரைபடத்தில் ஒரே புள்ளி. மாடி இலக்கம், கதவு இலக்கம், கிராம சேவகர் பிரிவு என்று மூன்று சின்னக் கட்டம் அதைவிட உருப்படியான வேலை செய்யும். “கொழும்பில் எங்கேயும் சிக்னல் இருக்கிறது, ஒப்லைன் எதற்கு” என்று கேட்பவர்களும் அந்தக் கட்டடங்களின் நடைபாதையில் ஒரு தடவை போனைத் தூக்கிப் பார்க்கட்டும். சிக்னல் இருந்தாலும் ரீலோட் யார் போடுவது? தொண்டர் தன் காசில் போட்ட டேட்டாவில் நம் புகைப்படங்கள் மேலே போய்க்கொண்டிருக்கும், ஒரு ரிப்போர்ட்டிலும் அந்தச் செலவு வராது.

செயல்திறனை அளப்பது என்ற பேச்சில்தான் எனக்கு அதிகக் கோபம். டாஷ்போர்ட் வந்தவுடன் அலுவலகத்தில் செய்யும் முதல் வேலை, கள உத்தியோகத்தரில் யார் எத்தனை போர்ம் அனுப்பினார் என்று வரிசைப்படுத்துவது. அடுத்த மாதமே போர்ம்கள் கூடிவிடும், ஏனென்றால் அவை பஸ்ஸில் உட்கார்ந்து நிரப்பப்படும். எந்தக் கேள்வியில் எத்தனை வினாடி நின்றார்கள் என்று பதிகிற வசதி ஓடிகேயிலும் கோபோவிலும் இருக்கிறது, அதை வைத்து ஆளைப் பிடிக்கலாம்தான், ஆனால் 80 கேள்வி போர்மை 20 ஆக்கினால் பிடிக்க வேண்டிய தேவையே வராது. வரிசையில் பின்தங்கியவருக்கு விழும் சிவப்பு வட்டத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாராவது போய்ப் பார்ப்பதும் இல்லை. சிவப்பு விழுந்த அக்காவின் குழுவில் ஆறு தாய்மார் வேறு தொடர்மாடிக்கு மாறிப்போனதால் வரவு விழுந்திருக்கும், அவர் வழக்கத்தைவிடக் கூட வேலை செய்திருப்பார், டாஷ்போர்டில் அவர்தான் மோசம். வறிய குடும்பங்களுக்கான அரசின் கொடுப்பனவான அஸ்வெசும வந்தபோது நாட்டுக்கே இது நடந்தது. 22 குறிகாட்டிகளை வைத்து யார் ஏழை என்று கணக்குப் பார்த்தார்கள், 2023 இல் பட்டியல் வெளியானதும் இலட்சக்கணக்கில் மேன்முறையீடு போனது. குறிகாட்டி கூடாது என்று நான் சொல்ல வரவில்லை, அங்கே மேன்முறையீடு செய்ய ஓர் இடமாவது இருந்தது. நம் மென்பொருள்களில் “இந்த எண் ஏன் இப்படி” என்று களத்தில் இருப்பவர் நாலு வரி எழுதிப் போட ஒரு கட்டம் இருக்கிறதா? எழுதினால் அதை மேலே இருப்பவர் பார்க்கும் திரையில் எண்ணுக்குப் பக்கத்திலேயே காட்டுமா? வாங்கும்போது இதைக் கேட்கிறவர்களை நான் இன்னும் சந்திக்கவில்லை.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், சட்டத்தரணிகள் இன்னும் நன்றாகச் சொல்வார்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம்மிடம் இருக்கிறது, முழுமையாக நடைமுறைக்கு வருவது பின்போடப்பட்டாலும் சட்டம் சட்டம்தான். அதில் சுகாதாரத் தகவல், இனம், மத நம்பிக்கை, பிள்ளையைப் பற்றிய தகவல் எல்லாம் விசேஷ வகைக்குள் வருகின்றன. மாலை வகுப்பு, போசாக்கு, இவற்றில் நாம் சேர்ப்பது முழுக்க அதுதானே! 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் மூழ்கியபோதும் சரி, 2025 நவம்பரில் டித்வா புயலோடு களனி கங்கை பெருகியபோதும் சரி, நிவாரணப் பட்டியல்கள் பெயர், அடையாள அட்டை இலக்கம், போன் இலக்கம் எல்லாவற்றோடும் வட்ஸ்அப்பில் கைமாறிப் போவதைப் பார்த்தேன். அவசரம், புரிகிறது. ஆனால் அந்தப் பட்டியல்கள் இன்றைக்கும் யார் யார் போனிலோ கிடக்கின்றன. யார் எந்தப் பகுதியைப் பார்க்கலாம் என்று பிரித்து வைக்க முடியுமா, திட்டம் முடிந்து எத்தனை மாதத்தில் பெயர்கள் அழிக்கப்படும், சேர்வர் எந்த நாட்டில், இந்த மூன்றும் ஒப்பந்தத்திலேயே எழுத்தில் இருக்க வேண்டும்.

ஒப்பந்தம் என்றதும் இன்னொன்று. எனக்குத் தெரிந்த ஓர் அமைப்பு கம்பனியை விட்டு விலகியபோது அவர்களுக்குக் கிடைத்தது கட்டுக்கட்டாகப் பீடிஎப். நாலு வருடத் தரவு, பார்க்கலாம், பாவிக்க முடியாது. “எங்கள் தரவு முழுவதையும், ஒவ்வொரு ஆளின் எல்லாச் சந்திப்புகளோடும், எக்ஸலில் திறக்கக்கூடிய கோப்பாக இப்போதே தாருங்கள்” என்று டெமோ நாளிலேயே கேட்க வேண்டும். “அது பிறகு செய்து தரலாம்” என்றால் அவர்களிடம் அது இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய இடங்களே மாறுகின்றன. இந்தியாவில் அங்கன்வாடி எனும் அரச சிறுவர் நிலையங்களின் பணியாளர்களுக்குக் கொம்கெயாரில் கட்டிய செயலியைக் கொடுத்துப் பல மாநிலங்களுக்குப் பரப்பினார்கள், 2021 இல் அரசு போஷன் டிராக்கர் என்ற வேறு செயலிக்குப் போய்விட்டது. அரசுக்கே அப்படியென்றால் நாம் எந்த மென்பொருளோடும் சாகும்வரை இருக்கப் போவதில்லை.

நீளமாகிவிட்டது, தெரியும், ஆசிரியர் வெட்டுவதாக இருந்தால் மேலே டொலர் பற்றிய பகுதியை வெட்டலாம். ஒன்றை மட்டும் விட்டுவிட வேண்டாம். டெமோவை அலுவலகத்தில் வைக்காமல் மாலை நாலு மணிக்கு, பிள்ளைகள் வரும் நேரத்தில், மண்டப வாசலில் வைக்கச் சொல்லுங்கள். கம்பனிக்காரர் கையை எடுத்துவிட்டு நிற்கட்டும், வரவு போடும் அக்காவின் கையில் அவருடைய சொந்தப் போனைக் கொடுத்து அன்றைய வரவை அதிலேயே போடச் சொல்லுங்கள். கொப்பியில் எடுக்கும் நேரத்தைவிட இரண்டு மடங்கு எடுத்தால் அது அங்கே நிலைக்காது, கமிட்டிக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும் சரி. வேண்டுமா வேண்டாமா என்பதில் கடைசிச் சொல் அந்த அக்காவுடையதாக இருக்கட்டும்.

நாங்கள் பாவிக்கும் வரவுப் போர்மும் குடும்பப் பதிவுப் போர்மும் தமிழிலும் சிங்களத்திலும் எக்ஸல் தாளில் இருக்கின்றன, பழைய அடையாள அட்டை இலக்கத்தைப் புதியதாக்கும் சூத்திரத்தோடு. கொழும்பில் எந்த அமைப்புக்காவது வேண்டுமென்றால் பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதுங்கள், அனுப்பி வைக்கிறேன். காசு வேண்டாம், திருத்தினால் திருத்திய பிரதியை மட்டும் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு களப் பணியாளர்,
கொழும்பு 15